ஆங்கிலப் பெயரடைக்குப் பின் 'தட்' வருமா, 'டு' வருமா?

'ஹாப்பி', 'ஷூர்', 'இம்பார்ட்டன்ட்' போன்ற சொற்களோடு ஒரு முழு வாக்கியத்தையே இணைக்க வேண்டியிருக்கும்போது 'தட்' போடுவதா, 'டு' போடுவதா, தொடக்கத்தில் 'ஐ' வருமா, 'இட்' வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். மார்த்தாண்டத்தில், வெளிநாட்டு வேலைக்குத் தேர்வெழுதும் செவிலியர்களுக்கு ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். இந்தக் குழப்பத்தைப் பார்க்காமல் என் வகுப்பு ஒன்றுகூட முடிவதில்லை. 'தட்', 'டு' என்ற இணைப்புச் சொற்களை மட்டும் மனப்பாடம் செய்து பயனில்லை. அந்தப் பெயரடை ஒரு மனிதரின் மனநிலையைச் சொல்கிறதா, நடந்த காரியத்தின் தன்மையைச் சொல்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வாக்கியத்தின் அமைப்பைப் பெரும்பாலும் அதுவே முடிவு செய்கிறது.

'கிளாட்', 'ஹாப்பி', 'சாரி', 'அஃப்ரெய்ட்', 'ஷூர்', 'அவேர்' ஆகியவை மனிதரைச் சேர்ந்தவை. ஆகவே எழுவாயாக மனிதரே வர வேண்டும்: 'ஐ ஆம் ஹாப்பி தட் யூ கேம்.' 'ஸ்ட்ரேஞ்ச்', 'பாசிபிள்', 'இம்பார்ட்டன்ட்', 'ட்ரூ' ஆகியவை காரியத்தைச் சேர்ந்தவை: 'இட் இஸ் ஸ்ட்ரேஞ்ச் தட் ஹி டிட் நாட் கம்.' நம் ஊர்க் கல்யாண வீடுகளில் ஆங்கிலம் மட்டுமே தெரிந்த விருந்தினரிடம் 'இட் இஸ் வெரி ஹாப்பி தட் யூ கேம்' என்று சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். சொல்பவருக்கு ஆங்கிலம் தெரியாததால் வருவதன்று இது; தமிழ் நன்றாகத் தெரிவதால் வருவது. 'நீங்கள் வந்தது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது' என்னும்போது சந்தோஷப்படுகிறவர் நான்காம் வேற்றுமையில் 'எனக்கு' என்று ஒதுங்கி நிற்க, வினைமுற்று அஃறிணையில் 'இருக்கிறது' என்று முடிகிறது. அந்த 'இருக்கிறது' தான் 'இட் இஸ்' ஆகிவிடுகிறது. கல்குளம், விளவங்கோடு பக்கத்தில் மலையாளமும் பேசுகிற மாணவர்கள் என்னிடம் நிறையப் பேர் உண்டு. அங்கும் 'எனிக்கு சந்தோஷமுண்டு' என்றே சொல்வதால், இரண்டாவது மொழியும் இந்த விஷயத்தில் அவர்களைக் காப்பாற்றுவதில்லை.

'இட்' எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. தமிழில் 'அவர் வராதது விசித்திரம்' என்று நீண்ட பகுதியை முன்னால் வைத்து, தீர்ப்பைக் கடைசியில் சொல்வது இயல்பு. ஆங்கிலத்திலும் 'தட் ஹி டிட் நாட் கம் இஸ் ஸ்ட்ரேஞ்ச்' என்று எழுதலாம், இலக்கணப் பிழை இல்லை. ஆனால் கனமான பகுதியை வாக்கியத்தின் இறுதிக்குத் தள்ளுவதே அந்த மொழியின் பழக்கம். தள்ளியபின் எழுவாயின் இடம் வெறுமையாக இருக்கக் கூடாது என்பதால், வடசேரி பேருந்து நிலையத்தில் சன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பதுபோல, அங்கே 'இட்' என்பதைப் போட்டு வைக்கிறார்கள். அதற்குத் தனிப் பொருள் கிடையாது; உரிய ஆள் பின்னால் 'தட்' என்று வந்துகொண்டிருக்கிறார் என்பதுதான் அதன் வேலை.

அடுத்து நான் அதிக நேரம் செலவிடும் இடம் 'ஷூர்', 'சர்ட்டன்', 'லைக்லி', 'பாசிபிள்' என்ற நான்கும். தமிழில் 'உறுதி', 'நிச்சயம்' என்று சொல்லிவிட்டால் உறுதி யாருடையது என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. தேர்தல் நேரத்துத் தேநீர்க்கடைப் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஹி இஸ் ஷூர் தட் ஹி வில் வின்' என்றால், தாம் ஜெயிப்போம் என்று வேட்பாளரே நம்புகிறார். 'ஹி இஸ் ஷூர் டு வின்' என்றாலோ, அவர் ஜெயிப்பது உறுதி என்று நான் சொல்கிறேன். வேட்பாளர் வீட்டில் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். ஒரே பெயரடை, ஒரே எழுவாய், பின்னால் வருவது 'தட்' என்பதா 'டு' என்பதா என்பதைப் பொறுத்து நம்பிக்கை ஆள் மாறிவிடுகிறது. 'சர்ட்டன்' இரண்டு பக்கமும் போகும்: 'ஐ ஆம் சர்ட்டன் தட்' என்றும் சொல்லலாம், 'இட் இஸ் சர்ட்டன் தட்' என்றும் சொல்லலாம். ஆனால் அதே துணிச்சலில் 'இட் இஸ் ஷூர் தட் ஹி வில் வின்' என்று எழுதினால், அது இயல்பான ஆங்கிலமாக இராது. 'லைக்லி' என்பதற்கு 'இட் இஸ் லைக்லி தட் ஹி வில் கம்', 'ஹி இஸ் லைக்லி டு கம்' என்ற இரண்டும் சரி. ஆனால் 'பாசிபிள்' காரியத்தின் பக்கத்தை விட்டு நகராது. நம் பக்கத்துப் பேச்சில் 'என்னைக் கொண்டு ஒக்காது' (என்னால் முடியாது) என்று சொல்வதை அப்படியே 'ஐ ஆம் நாட் பாசிபிள் டு கம்' என்று சொல்கிறவர்களுக்கு, 'இட் இஸ் நாட் பாசிபிள் ஃபார் மீ டு கம்' என்ற வடிவத்தையோ, அதைவிடச் சுருக்கமாக 'ஐ காண்ட் கம்' என்பதையோ பரிந்துரைப்பேன்.

'டு' வரும் வாக்கியங்களில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. செவிலியர்கள் விழுவது பெரும்பாலும் இதில்தான். மருத்துவப் பணியாளர்களின் ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஓஇடி தேர்வில் 180 முதல் 200 சொற்களுக்குள் நோயாளியைப் பற்றி ஒரு கடிதம் எழுத வேண்டும். அதில் 'த பேஷன்ட் இஸ் டிஃபிகல்ட் டு ஸ்வாலோ டேப்லட்ஸ்' என்ற வாக்கியம் தவறாமல் வந்துவிடும். 'நோயாளிக்கு மாத்திரை விழுங்கக் கஷ்டமாக இருக்கிறது' என்பதுதான் எழுதியவர் மனத்தில் இருந்தது. ஆனால் 'டிஃபிகல்ட்', 'ஈஸி', 'ஹார்ட்' ஆகியவற்றுக்குப் பின் 'டு' வரும்போது, முன்னால் நிற்கும் எழுவாய் அந்தச் செயலைச் செய்பவர் அல்லர், அந்தச் செயலுக்கு ஆளாகும் பொருள். 'தீஸ் டேப்லட்ஸ் ஆர் டிஃபிகல்ட் டு ஸ்வாலோ' என்றால் விழுங்கப்படுபவை மாத்திரைகள். அதே இடத்தில் நோயாளியை வைத்தால், விழுங்கப்பட வேண்டியவர் அவர் என்பதை நோக்கி வாக்கியம் போய், நடுவழியில் உடைந்து நின்றுவிடுகிறது. 'த பேஷன்ட் ஃபைண்ட்ஸ் இட் டிஃபிகல்ட் டு ஸ்வாலோ டேப்லட்ஸ்' என்று எழுதினால் சிக்கல் தீரும். மொழியியலில் இது பழைய பாடம்: 'ஜான் இஸ் ஈஸி டு ப்ளீஸ்', 'ஜான் இஸ் ஈகர் டு ப்ளீஸ்' என்ற இணை வாக்கியங்களை வைத்து, மேலுக்கு ஒன்றுபோல் தோன்றும் அமைப்புகள் உள்ளே வேறாக இருக்கும் என்பதை நோம் சாம்ஸ்கி 1960களிலேயே எடுத்துக்காட்டினார். முதலாவதில் மற்றவர்கள் ஜானைத் திருப்திப்படுத்துகிறார்கள். இரண்டாவதில் ஜான் மற்றவர்களைத் திருப்திப்படுத்தத் துடிக்கிறார்.

மனிதரைச் சேர்ந்த பெயரடைகளில் 'தட்', 'டு' இரண்டையும் ஏற்பவற்றுக்கு ஒரு கைவழி உண்டு. இரண்டு பகுதிகளிலும் ஆள் ஒருவரே என்றால் 'டு' போதும்: 'ஐ ஆம் கிளாட் டு பி ஹியர்.' ஆள் மாறினால் 'தட்' வேண்டும்: 'ஐ ஆம் கிளாட் தட் மை ஃபாதர் இஸ் ஹியர்.' ஆனால் 'அஃப்ரெய்ட்' இந்தக் கணக்குக்கு முழுவதும் கட்டுப்படாது. இடுப்பு எலும்பு அறுவைச் சிகிச்சை முடிந்த ஒரு பாட்டியைப் பற்றி 'ஷீ இஸ் அஃப்ரெய்ட் டு வாக்' என்று எழுதினால், பயத்தால் நடக்கத் தயங்குகிறார் என்று பொருள். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தை 'ஷீ இஸ் அஃப்ரெய்ட் தட் ஷீ வில் ஃபால்' என்றோ 'அஃப்ரெய்ட் ஆஃப் ஃபாலிங்' என்றோதான் எழுத வேண்டும். இரண்டு பகுதியிலும் ஆள் அவர்தான், ஆனாலும் 'அஃப்ரெய்ட் டு ஃபால்' பொருந்தாது, ஏனெனில் விழுவது அவர் விரும்பிச் செய்யும் காரியம் அன்று. நடையா, விழுதலா என்பதை மருத்துவர் கடிதத்திலிருந்து புரிந்துகொள்ள வேண்டியிருப்பதால், இது வெறும் இலக்கண நுணுக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது.

சில சிறு விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். 'அவேர் ஆஃப் த ரிஸ்க்', 'ஷூர் ஆஃப் இட்' என்று பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் 'ஆஃப்', 'தட்' வந்தவுடன் விலகிவிடும்; 'அவேர் ஆஃப் தட் தேர் இஸ் எ ரிஸ்க்' என்று இரண்டையும் சேர்த்து எழுதக் கூடாது. ஒருவரின் குணத்தைப் பாராட்டினால் 'இட் இஸ் கைண்ட் ஆஃப் யூ டு கம்'; காரியத்தின் எளிமையைச் சொன்னால் 'இட் இஸ் ஈஸி ஃபார் யூ டு கம்'. 'எசென்ஷியல்', 'இம்பார்ட்டன்ட்' போன்றவற்றுக்குப் பின் 'தட் ஹி டேக் த டேப்லட்' என்று 'எஸ்' இல்லாத வினை வருவதைக் கண்டு அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கர்கள் அதை விரும்பி எழுதுவார்கள். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'ஷுட் டேக்' என்பதும் பரவலாக வழங்குகிறது.

கடைசியாக, 'தட்' எப்போதும் வெளிப்படையாக வர வேண்டுமா என்பது. பேச்சில் 'ஐ ஆம் கிளாட் யூ கேம்', 'ஐ ஆம் ஷூர் ஹி வில் கால்' என்று அதை விட்டுவிடுவதே இயல்பு. தேர்வுக் கடிதத்தில் வைத்து எழுதச் சொல்வேன். வாக்கியம் நீளும்போது எந்தப் பகுதி எதைச் சேர்ந்தது என்பது தெளிவாக இருக்கும். ஆனால் தொலைபேசியில் 'ஐ ஆம் அஃப்ரெய்ட் ஹி இஸ் நாட் இன்' என்று யாராவது சொன்னால், அவர் எதற்கும் பயப்படவில்லை. ஆள் இல்லை என்ற செய்தியை வருத்தத்தோடு பதமாகச் சொல்கிறார். அங்கே 'தட்' அநேகமாக வராது. பயப்படாதீர்கள் என்று நீங்கள் ஆறுதல் சொல்லவும் தேவையில்லை.