வாசகர் கேள்வி – பதில்: சம்மாட்டி சொன்ன ‘திருவுளம்’

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, என் அண்ணன் நாட்டுப்படகில் பங்குக்குத் தொழில் செய்தவர். போன கார்த்திகையில், பாம்பன் துறைமுகத்தில் 3-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்த நாளில், “வடகடலில் ஒரு வலை போட்டுவிட்டு வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடலாம்” என்று சொல்லிப் படகின் உரிமையாளரான சம்மாட்டி படகை இறக்கச் செய்தார். நால்வர் போனார்கள், மூவர் உயிரோடு வந்தார்கள். படகுக்கென்று வாங்கிய லைஃப் ஜாக்கெட்டுகள் சம்மாட்டி வீட்டுப் பரணில் பாலிதீன் உறைகூடப் பிரிக்கப்படாமல் கிடந்தன. அடக்கத்தன்று அவர் என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “எல்லாம் ஆண்டவர் திருவுளம்” என்றார். அம்மாவும் “ஆமாம், திருவுளம்” என்றார். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. ஆனால் துன்பத்தைப் படைப்பவரும் நானே என்று ஆண்டவர் சொல்வதாக எசாயா நூலில் இருக்கிறதே? அப்படியானால் சம்மாட்டி சொன்னது சரிதானா? தவறு என்றால், அன்று ஆண்டவர் எங்கே இருந்தார்?
– வாசகி ஒருவர், தங்கச்சிமடம்

பதில்: சகோதரி, முதலில் அந்த வசனத்தை எடுத்துக்கொள்வோம். அதைச் சம்மாட்டிகளுக்குச் சாதகமாக வாசிக்கும் பழக்கம் நம் கரையில் நெடுநாளாக இருக்கிறது. எசாயா 45-ஆம் அதிகாரம் யூத மக்களின் பாபிலோனியச் சிறையிருப்பைப் பின்னணியாகக் கொண்டது; அங்கே ஆண்டவரின் வாக்கு பாரசீக அரசர் சைரசை நோக்கிச் சொல்லப்படுகிறது. ஒளிக்கு ஒரு தெய்வமும் இருளுக்கு ஒரு தெய்வமுமாக இருவர் இல்லை, நாடுகள் எழுந்தாலும் விழுந்தாலும் அவற்றுக்கு மேலே நிற்பவர் ஒருவரே என்பதுதான் அந்தப் பகுதி சொல்ல வருவது. தமிழில் ‘துன்பம்’ என்றும் ‘தீங்கு’ என்றும் மொழிபெயர்க்கப்படும் ‘ரா’ என்ற எபிரேயச் சொல், மனிதர் செய்யும் கொடுமையையும் குறிக்கும், போரும் பஞ்சமும் போன்ற பேரிடரையும் குறிக்கும். இந்த இடத்தில் அது ‘ஷாலோம்’ என்ற நல்வாழ்வுக்கு எதிர்ச்சொல்லாக நிற்பதால், பேரிடர் என்ற பொருளே பொருந்துகிறது. ஒருவருடைய அலட்சியத்தை ஆண்டவர் தம் கணக்கில் எழுதிக்கொள்கிறார் என்று அந்த வசனத்தை எவ்வளவு பிழிந்தாலும் வராது. மாறாக, சோதனைக்கு உள்ளாகும் எவரும் ‘கடவுளே என்னைச் சோதிக்கிறார்’ என்று சொல்ல வேண்டாம் என யாக்கோபு திருமுகத்தின் முதல் அதிகாரம் நேராகவே தடுத்துவிடுகிறது.

ஆகவே அன்று நடந்ததைச் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும். வாடைக்காற்றை எந்த மனிதரும் அனுப்பவில்லை. உங்கள் அண்ணனைக் கொண்டுபோன அதே வாடைதான் ஐப்பசி, கார்த்திகையில் மழையைக் கொண்டுவந்து நம் மாவட்டத்துக் கண்மாய்களை நிரப்புகிறது. அது இல்லையென்றால் உள்நாட்டில் ஒரு போகம் நெல்லும் இல்லை. காற்றை நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்வதில் பொருள் இல்லை. கூண்டு அப்படிப்பட்டதன்று. வானிலை மையத்தின் செய்தியைப் பெற்று, துறைமுகத்தில் ஒருவர் கயிற்றை இழுத்து அதை மேலே ஏற்றுகிறார். 3-ஆம் எண் என்றால் இந்தத் துறைமுகத்தையே பலத்த காற்று தாக்கக்கூடும் என்று பொருள் என்பது நம் கரையில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அந்த உறை பிரிக்காத ஜாக்கெட்டுகளையோ பரணில் ஏற்றியதும் ஒரு கை, இறக்காமல் விட்டதும் அதே கை. நீங்கள் கேட்பது காற்றைப் பற்றி அல்ல, கூண்டையும் பரணையும் பற்றி. சம்மாட்டி ‘திருவுளம்’ என்ற ஒரே சொல்லால் மூன்றையும் மூடப் பார்க்கிறார்.

‘அன்று ஆண்டவர் எங்கே இருந்தார்’ என்ற கேள்விக்கு வருகிறேன். தீமை என்பது தனிப் பொருளன்று, ஒளி இல்லாமை இருள் ஆவதுபோல நன்மை இல்லாமையே தீமை என்றார் புனித அகுஸ்தினார் (354–430). நுட்பமான கருத்துதான், ஆனால் கரையில் நின்று படகை எண்ணிப் பார்த்தவருக்கு, வந்தது ஓர் ‘இல்லாமை’ என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. கடவுள் தீமையைச் செய்வதில்லை, மனிதருக்குத் தந்த சுதந்திரத்தின் பொருட்டு அதை அனுமதிக்கிறார் என்பது பின்னால் வந்த இறையியலாளர்கள் தரும் விடை. மனிதர் கை தவறு செய்ய நீளும்போதெல்லாம் மேலிருந்து ஒரு கை வந்து பிடித்து நிறுத்துமானால், நல்லது செய்தவரையும் நல்லவர் என்று சொல்ல இடமிருக்காது என்பது அதன் உள்ளுறை. இதில் வலுவிருக்கிறது. ஆயினும், தடுக்கக்கூடியவர் தடுக்காமல் இருந்தால் நம் சட்டமே அவரைக் கேள்வி கேட்கும் என்று நீங்கள் திருப்பிக் கேட்டால், அந்த விடை முழுமையாகத் தாங்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். விவிலியத்தில், குற்றமின்றித் துன்பப்பட்ட யோபு கேட்டதும் ஏறத்தாழ இதே கேள்விதான். அவருக்கு விளக்கம் கிடைக்கவில்லை. ஆனால் அவருடைய துன்பத்துக்கு அவர் பாவமே காரணம் என்று வாதாடிய நண்பர்களைத்தான் ஆண்டவர் கடிந்துகொண்டார், கேள்வி கேட்ட யோபுவை அல்ல, என்பதை மறந்துவிடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில், பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன ரயில், உள்ளே இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு கடலில் போயிற்று. ஊரும் அழிந்து, மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசால் அறிவிக்கப்பட்டது. ‘அந்த ஊர் செய்த பாவம்’ என்று சொல்லும் பெரியவர்களை நான் என் சிறுவயதில் கண்டிருக்கிறேன். அந்த ரயிலில் யார் யார் இருந்தார்கள் என்று தெரியாமலேயே அவர்களுடைய பாவம் மட்டும் எப்படித் தெரிந்தது என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. லூக்கா 13-ஆம் அதிகாரத்தில், சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரைக் குறித்து, எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா, இல்லை என்றே உங்களுக்குச் சொல்கிறேன் என்கிறார் இயேசு. உங்கள் அண்ணன் எதற்காகத் தண்டிக்கப்பட்டார் என்று யாராவது வீட்டுக்கு வந்து ஆராய்ந்தால், அந்தப் பகுதியை எடுத்து அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் அம்மாவோடு மட்டும் வாதாட வேண்டாம். அவரும் சம்மாட்டியும் சொன்னது ஒரே சொல்தான். ஆனால் அம்மா அதைத் தாங்க முடியாத ஒன்றைத் தாங்குவதற்குச் சொல்கிறார், சம்மாட்டியோ தாம் தாங்க வேண்டியதைக் கீழே போடுவதற்குச் சொல்கிறார். அவர்மீது கடலோரக் காவல் நிலையத்தில் புகார் கொடுப்பது எந்தத் திருவுளத்தையும் எதிர்ப்பதாகாது. திரும்பி வந்த மூவரும் நாளை அவருடைய படகில் ஏற வேண்டியவர்கள் என்பதால் பேசத் தயங்குவார்கள். அவர்களைத் தனித்தனியே பார்ப்பதைவிட மூவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசுங்கள்.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். நன்மையும் தீமையும் அல்லாஹ்வின் நாட்டப்படியே என்ற களா கத்ரு நம்பிக்கையைச் சிறுவயதில் மதரஸாவில் மனப்பாடம் செய்தவன் நான். ஏர்வாடியில் 2001-இல் மனநோயாளிகள் சங்கிலியோடு எரிந்து இறந்ததைப் பற்றிப் பேச்சு வந்தபோது, “அவர்களுடைய மவுத்து (மரணம்) அப்படி எழுதப்பட்டிருந்தது, நாம் பேச என்ன இருக்கிறது” என்று வாப்பா முடித்துவிட்டார். மார்க்கம் சொல்வதும் அதுதானா?
– வாசகர் ஒருவர், கீழக்கரை

பதில்: வ அலைக்குமுஸ்ஸலாம். வாப்பா சொன்னதில் பாதி மார்க்கம், மீதி நம் ஊர்ப் பழக்கம். குர்ஆனின் நான்காம் அத்தியாயத்தில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு வசனங்களைச் சேர்த்து வாசியுங்கள். 78-ஆம் வசனம் எல்லாமே அல்லாஹ்விடமிருந்துதான் என்கிறது. 79-ஆம் வசனம் உமக்கு வரும் நன்மை அல்லாஹ்விடமிருந்து, உமக்கு வரும் தீமை உம்மிடமிருந்தே என்கிறது. இந்த இரண்டையும் எப்படிப் பொருத்துவது என்பதில்தான் இஸ்லாமியச் சிந்தனையின் முதல் சில நூற்றாண்டுகளின் பெரிய வாதமே எழுந்தது. மனிதன் காற்றில் பறக்கும் இறகு போன்றவன், அவனுக்கென்று செயலே இல்லை என்றனர் ஜபரியாக்கள். அல்லாஹ் நீதியாளன், தானே செய்வித்துவிட்டுத் தானே தண்டிக்க மாட்டான், ஆகவே தன் செயலை மனிதனே உண்டாக்குகிறான் என்றனர் முஃதஸிலாக்கள். நம் கரையின் முஸ்லிம்கள் வழிவழியாகப் பின்பற்றும் அஷ்அரி மரபு, செயலைப் படைப்பவன் அல்லாஹ், அதைத் தனதாக்கிச் சம்பாதித்துக்கொள்பவன் மனிதன் என்று நடுவே ஒரு வழி கண்டது. சம்பாதித்தல் என்று பொருள்படும் ‘கஸ்பு’ என்ற அந்தச் சொல் புரியவில்லை என்று நீங்கள் சொன்னால் வெட்கப்பட வேண்டாம்; புரியாத காரியத்துக்கே அதை உவமை காட்டும் வழக்கு அரபியர்களிடம் உண்டு. ஆனால் சம்பாதித்தவன்தான் கணக்குக் காட்ட வேண்டும் என்பதில் அந்த மரபுக்கு ஐயமே கிடையாது.

இதைக் கலீபா உமர் அவர்கள் நடந்தே காட்டினார்கள். சிரியா நாட்டில் கொள்ளைநோய் பரவியிருப்பதை வழியிலேயே அறிந்து படையோடு திரும்ப முடிவுசெய்தபோது, அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று படைத் தளபதி அபூ உபைதா கேட்டார். ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கு ஓடுகிறோம் என்றார்கள் உமர். தொடர்ந்து, ஒரு பக்கம் பசுமையும் மறுபக்கம் வறட்சியுமாக உள்ள பள்ளத்தாக்கில் உம் ஒட்டகங்கள் இறங்கினால், எந்தப் பக்கம் மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் விதிப்படிதானே என்று கேட்டார்கள். விதியை முழுக்க நம்பிய ஒருவர் பசும்புல் இருக்கும் பக்கம் ஒட்டகத்தை ஓட்டுகிறார். நம் ஊரிலோ வறண்ட பக்கம் ஓட்டிவிட்டு விதியை நம்புகிறோம்.

இனி ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், தனியார் நடத்திய காப்பகம் ஒன்றின் ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். குணமாகும் என்று நம்பித் தர்காவை நாடி வந்தவர்கள் அவர்கள். வந்த நம்பிக்கையில் எந்தக் குற்றமும் இல்லை. ஆனால் சங்கிலி தானாகப் போய்க் காலில் பூட்டிக்கொள்வதில்லை. அதைக் கடையில் விலைகொடுத்து வாங்க வேண்டும், கணுக்காலுக்கு அளவு பார்க்க வேண்டும், பூட்டிய பிறகு சாவியை யாராவது மடியில் வைத்துக்கொண்டு தூங்கப் போக வேண்டும். உச்ச நீதிமன்றம் இந்த நிகழ்வைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டதும், அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டதும், அதை எழுத்து என்று யாரும் விட்டுவிடாததால்தான்.

வாப்பாவிடம் எடுத்துச் சொல்ல ஒரு வழி இருக்கிறது. நபி மூஸா, நபி ஆதமைச் சந்தித்து, எங்களைச் சொர்க்கத்திலிருந்து வெளியேற்றியவர் நீர்தானே என்று கேட்டதாகவும், நான் படைக்கப்படும் முன்பே எழுதப்பட்டதற்கா என்னைப் பழிக்கிறீர் என்று ஆதம் பதிலளித்து வாதத்தில் வென்றதாகவும் புகாரி, முஸ்லிம் இரு தொகுப்பிலும் ஹதீஸ் உள்ளது. இதை விளக்கிய அறிஞர்கள், ஆதம் விதியைக் காட்டியது நேர்ந்துவிட்ட துன்பத்துக்குத்தான், செய்த பிழைக்கு அல்ல, பிழைக்கு அவர் பாவமன்னிப்பே கேட்டார் என்று எழுதியிருக்கிறார்கள். இறந்தவர்களின் குடும்பத்தார் ‘மவுத்து எழுதியிருந்தது’ என்று சொல்லி ஆறுதல் அடைந்தால் அது ஈமான், இறைநம்பிக்கை. சாவி வைத்திருந்தவர் அதைச் சொல்லக் கூடாது, அவர் சார்பாக நாமும் சொல்லக் கூடாது.

கேள்வி: எல்லாம் முன்வினை என்றால், எங்கள் ஊர்க் கடலில் நிற்கும் நவக்கிரகக் கற்களான நவபாஷாணத்தில் பரிகாரம் எதற்கு? பரிகாரத்தால் தீரும் என்றால் அது வினையே அல்லவே! என் தம்பி மதுரையில் இருக்கிறான். அக்காவின் பங்கு நிலத்தையும் தன் பெயரில் எழுதி வாங்கிக்கொண்டு, ஆண்டுதோறும் இங்கே வந்து கடலில் மூழ்கி எழுந்து போகிறான்.
– வாசகர் ஒருவர், தேவிபட்டினம்

பதில்: ஊழைப் பெருவலி என்று சொன்ன வள்ளுவரே அதைப் புறங்காண்பவரையும் பாடினார் என்பதை மேடைகளில் கேட்டு உங்களுக்குச் சலித்திருக்கும், ஆகையால் அதை விட்டுவிடுகிறேன். வினையைச் சஞ்சிதம், பிராரப்தம், ஆகாமியம் என்று மூன்றாக வகுப்பது சைவ மரபு. படகில் குவிந்து கிடக்கும் வலை, கடலில் இறக்கிவிட்ட வலை, கரையில் உட்கார்ந்து இப்போது பின்னிக்கொண்டிருக்கும் வலை என்று நம் ஊர்க் கணக்கில் சொல்லலாம். இறக்கிவிட்ட வலையில் என்ன சிக்குகிறதோ அது நம் கையில் இல்லை. பின்னுகிற வலை முழுக்க நம் கையில்தான் இருக்கிறது. எல்லாம் முன்வினை என்பவர் இந்த மூன்றாவது வலையை மறந்துவிட்டுப் பேசுகிறார்.

பரிகாரத்துக்கு வருவோம். நவக்கிரகங்களை வேண்டி இராமன் நிறுத்திய கற்கள் என்று உங்கள் ஊரில் சொல்கிறீர்கள். இராமேசுவரத்தில் சொல்லும் கதை இன்னும் கூர்மையானது. இராவணன் புலத்திய முனிவரின் பேரன் ஆதலால், அவனைக் கொன்ற பிரம்மகத்தித் தோஷம் நீங்க இராமன் அங்கே இலிங்கம் நிறுவி வழிபட்டான் என்பது தலபுராணம். அந்தக் கொலை நியாயமானது; அதற்காகவே அவதாரம் எடுத்ததாகவும் சொல்கிறோம். ‘இது விதிக்கப்பட்டது, நான் வெறும் கருவி’ என்று சொல்ல உரிமையுள்ளவர் ஒருவர் உண்டென்றால் அது இராமன்தான். அவன் அப்படிச் சொல்லாமல், செய்தது என் கை என்று மணலில் உட்கார்ந்தான். பரிகாரம் என்ற வழக்கம் முழுவதும் அந்த ஒப்புதலின்மேல் நிற்கிறது. தப்பிக்க அதில் இடமே இல்லை. இராமன் போன உயிரைத் திருப்பித் தர முடியாததால் வழிபட்டான் என்று வைத்துக்கொண்டாலும், திருப்பித் தரக்கூடிய ஒன்றை வைத்துக்கொண்டு மூழ்குபவருக்கு அந்தக் கதையில் இடமில்லை.

உங்கள் தம்பி மதுரையிலிருந்து வருகிறவர் என்றால் இராமநாதபுரம் வழியாகத்தான் தேவிபட்டினத்துக்கு வர வேண்டும். அடுத்த ஆண்டு வரும்போது அக்காவையும் பத்திரத்தையும் உடன் அழைத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். பதிவாளர் அலுவலகம் காலை பத்து மணிக்குத் திறக்கும். கடலில் மதியம்கூடக் குளிக்கலாம்.