மாத்திரை போட்டா வயசு நிக்குமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், எனக்கு 46 வயசு, சுகர் பிபி எதுவும் இல்ல. தினம் விடியக்காலைல பீச் ரோட்டுல நடக்குற எங்க செட்டுல ரெண்டு பேரு சுகர் இல்லாமலே மெட்ஃபார்மின் போடுறாங்க, வயசாகுறத தள்ளிப்போடுமாம். வீட்டுல அப்பாவோட மாத்திரை அட்டை இருக்கு, நானும் பாதி போட்டுப் பாக்கட்டுமா?
– ஒரு வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: வேணாம் தம்பி, அப்பா அட்டைல கை வைக்காதீங்க. அந்த மாத்திரை எந்த வேலைய செய்யுதோ அத நீங்க பீச் ரோட்டுல ஏற்கனவே செஞ்சிக்கிட்டு இருக்கீங்க, அதான் காரணம்.

செல்லுக்குள்ள ஏஎம்பிகேன்னு ஒரு என்சைம் இருக்கு. செல்லு செலவு பண்ற காசு ஏடிபி, அது கரைய கரைய ஏஎம்பி மிஞ்சும், அந்த ஏஎம்பி வந்து ஒட்டுனதும் ஏஎம்பிகே முழிச்சிக்கும். கையிருப்பு கம்மின்னு தெரிஞ்சதும் அது கொழுப்பு கட்டுற இன்னொரு என்சைம் மேல ஒரு பாஸ்பேட்ட ஒட்டி அத முடக்கிடும், புதுக் கொழுப்பு சேர்றது நிக்கும், பழசு எரிய வழி விடும். அதுக்கு நேர் எதிரா வேலை செய்யுறது எம்டார்ங்கற இன்னொரு என்சைம். நல்லா சாப்பிட்டு இன்சுலினும் புரதத்துல வர்ற லூசினும் ஏறியிருக்கும்போது அது ‘வளரு வளரு’ன்னு ஓடும், செல்லுக்குள்ள குப்பை அள்ற வேலைய அந்த நேரத்துல நிறுத்தி வைக்கும். ஏஎம்பிகே முழிச்சா எம்டார் அடங்கும், குப்பை அள்றது திரும்ப ஆரம்பிக்கும். அந்த குப்பை அள்றது எப்படி நடக்குதுன்னு கண்டுபிடிச்சதுக்குத்தான் ஜப்பான்காரர் யோஷினோரி ஓசுமிக்கு 2016ல நோபல் பரிசு கொடுத்தாங்க.

மெட்ஃபார்மின் என்ன பண்ணுதுன்னா, செல்லுக்குள்ள ஏடிபி தயாராகுற மைட்டோகாண்ட்ரியால முதல் படியில இருக்குற என்சைம லேசா அமுக்கி ஏடிபிய குறைக்குது, அதனால ஏஎம்பிகே முழிக்குது. அதாவது அது உண்டாக்குற தட்டுப்பாடு மாத்திரையால வந்த தட்டுப்பாடு, நீங்க வேர்க்க வேர்க்க நடந்து உண்டாக்குறது நிஜமான தட்டுப்பாடு. ரெண்டையும் சேத்தா டபுள் லாபம்னு தோணும், ஆனா 2019ல வந்த ஒரு ஆய்வுல சுகர் இல்லாத வயசானவங்களுக்கு 12 வாரம் உடற்பயிற்சி கொடுத்துப் பாத்தாங்க, மெட்ஃபார்மினும் சேத்துப் போட்டவங்களுக்கு பயிற்சியால கிடைச்ச பலன் கம்மியாத்தான் இருந்துச்சு. ரொம்ப நாள் போட்டா வைட்டமின் பி12 வேற குறையும். உங்க அப்பாவுக்கு அது அவசியமான மருந்து, அவர் ஒரு வேளையும் விடக்கூடாது. உங்களுக்கு தேவையில்ல. அந்த ரெண்டு பேரையும் டாக்டர பாக்கச் சொல்லுங்க.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயசு. சுகருக்கு ஏற்கனவே கிளிமிபிரைடு போடுறாங்க, இப்ப புதுசா வோக்லிபோஸ் சேத்திருக்காங்க. அதுலேர்ந்து வயிறு உப்பி ஒரே கேஸ், கல்யாண வீட்டுக்கு வரவே கூச்சப்படுறாங்க. நிறுத்திடலாமா?
– ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: நீங்களா நிறுத்தாதீங்கம்மா. இட்லி சோறுல இருக்குற மாவுச்சத்த கடைசியா குளுக்கோஸா வெட்டுற என்சைம்கள் சிறுகுடல் சுவத்துல இருக்கு. வோக்லிபோஸ் பாக்க சக்கரை மாதிரியே இருக்கும், அந்த என்சைமோட பள்ளத்துல போய் உக்காந்துக்கும், சோத்துக்கு இடம் லேட்டாத்தான் கிடைக்கும். அதனாலதான் முதல் வாய் வைக்கிறதுக்கு முன்னாடியே போடச் சொல்றாங்க, சாப்பிட்டு கை கழுவுன பிறகு போட்டா பிரயோஜனம் கம்மி. வெட்டாம தப்பிச்ச மாவுச்சத்து பெருங்குடலுக்கு இறங்குது, அங்க இருக்குற பாக்டீரியா அத புளிக்க வைக்குது, கேஸ் அங்கேர்ந்துதான் வருது. பலருக்கு சில வாரத்துல குறைஞ்சிடும், இல்லன்னா டாக்டர்கிட்ட சொன்னா அளவ குறைப்பாரு.

கேஸ விட முக்கியமான ஒண்ணு இருக்கு, வீட்டுல எல்லாருக்கும் சொல்லி வைங்க. கிளிமிபிரைடு சுகர கீழ இறக்கிவிடக்கூடிய மருந்து. எங்க பெரியம்மா இதே ரெண்டு மாத்திரையும் போட்டுக்கிட்டு இருந்தாங்க, ஒருநாள் கடலூர் பஸ் ஸ்டாண்டுல மத்தியானம் சாப்பிடாம நின்னு கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு, நெத்தியெல்லாம் வேர்வை. பக்கத்துல இருந்தவங்க நல்ல மனசோட நாலு ஸ்பூன் சக்கரை போட்டு டீ வாங்கிக் கொடுத்தாங்க, குடிச்சும் நடுக்கம் நிக்கல. ஏன்னா சாதா சக்கரைய உடைக்கிற என்சைமயும் வோக்லிபோஸ் அடைச்சு வச்சிருக்கு, அது ரத்தத்துல ஏற நேரமாகும். எதிர்ல மெடிக்கல்ல குளுக்கோஸ் பவுடர் வாங்கி கரைச்சுக் கொடுத்த பிறகுதான் தெளிஞ்சு பேசுனாங்க. குளுக்கோஸ் ஏற்கனவே உடைஞ்ச சரக்கு, எந்த என்சைமும் வேணாம். அம்மா கைப்பையில ஒரு பாக்கெட் எப்பவும் இருக்கட்டும். பேச்சு மூச்சு இல்லாம போயிட்டா வாயில எதையும் ஊத்தாம ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடுங்க.

கேள்வி: ராபமைசின்னு ஒரு மருந்து ஆயுள கூட்டுதாமே?
– ஒரு வாசகர், வில்லியனூர்

பதில்: எலிக்கு கூட்டுச்சு, அது உண்மை. 1964ல ஈஸ்டர் தீவுலேர்ந்து கொண்டு வந்த மண்ணுல இருந்த பாக்டீரியாலேர்ந்து, பிரிவினைக்கு முந்தின இந்தியாவுல (இப்ப பாகிஸ்தான்) பொறந்த சுரேந்திர நாத் சேகலும் அவர் குழுவும் பிரிச்செடுத்தது. தீவோட பேரு ராபா நுய், அதான் ராபமைசின். மேல சொன்ன எம்டார நேரா அடக்குறது இதுதான், எம்டார்ங்கற பேரே இந்த மருந்த வச்சுதான் வந்துச்சு. 2009ல, 600 நாள் வயசான எலிகளுக்கு, அதாவது எலிக்கணக்குல கிழடு தட்டுனதுக்கு அப்புறம் கொடுத்தும் ஆயுள் கூடுச்சு. மனுஷங்கள்ல இத முக்கியமா கிட்னி மாத்துனவங்களுக்கு எதிர்ப்பு சக்திய அடக்க கொடுக்குறாங்க, வாய்ப்புண், கொலஸ்ட்ரால் ஏறுறது, லேசுல இன்ஃபெக்‌ஷன் வர்றதுன்னு கூடவே வரும். மனுஷ ஆயுள கூட்டுதுன்னு இன்னும் நிரூபணம் ஆகல, யாராவது வாங்கித் தர்றேன்னு சொன்னாலும் வாங்காதீங்க.