முக்கியமான வேலை மட்டும் ஏன் நாளைக்குப் போகிறது? – கேள்வி பதில்

வேலைகளைத் தள்ளிப்போடுவது பற்றி நம் மலையகத்துப் பிள்ளைகளும் பெரியவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு, ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியை ஒருவரின் பதில்கள்.

டீச்சர், அடுத்த வருஷம் உயர்தரம். அசேதன இரசாயனத்தை எடுக்க நினைத்தாலே மேசையை அடுக்கத் தொடங்கிவிடுகிறேன். நான் சோம்பேறியா? – மாணவி, தலவாக்கலை

இல்லை மகள். பாடம் விளங்காமல் போய்விடுமோ என்ற பயம் உள்ளே இருக்கிறது. மேசையை அடுக்கும்போது அது கொஞ்சம் அடங்குகிறது, அவ்வளவுதான். தள்ளிப்போடும் பழக்கத்தை நெடுநாள் ஆராய்ந்த கனடா உளவியலாளர் திமோதி பிச்சிலும் இதையே சொல்கிறார்: சிக்கல் நேரத்தைவிட, அந்த வேலை கிளப்பும் மனக்கஷ்டத்தில்தான் அதிகம். அதனால் புது டைம்டேபிள் போட்டுப் பயனில்லை.

'இன்றைக்கு அசேதனம்' என்று எழுதாதீர்கள். 'இரவுச் சாப்பாட்டுப் பிளேட்டைக் கழுவியதும் குரோமியத்தின் ஒட்சியேற்ற எண்களை மட்டும் எழுதுவேன், பிறகு பாஸ்ட் பேப்பரில் ஒரு கேள்வி' என்று எழுதுங்கள். எப்போது, எங்கே, எதை என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்கள் செய்து முடிப்பது கூடுகிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களிலேயே காட்டினார். காம்பராவில் டீவி சத்தமா? அப்போ அம்மா ரொட்டி சுட எழும்பும் விடியற்காலைக்கு மாற்றுங்கள்.

படிக்கப் போனை எடுத்தால் ஒரு மணித்தியாலம் டிக்டொக்கில் போய்விடுகிறது. – பதுளை

போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு உட்காருங்கள் தம்பி. கைக்கெட்டும் தூரத்தில் அது இருக்கும்வரை வேறு வழி எதுவும் சரிவராது.

அதிபர் கேட்கும் பட்டியல், விளையாட்டுப் போட்டி, வாட்ஸ்அப் என்று நாள் முழுக்க ஓடுகிறேன். வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு ஒதுக்க நேரமே வருவதில்லை. – ஆசிரியை, பண்டாரவளை

பலன் குறைவென்றாலும் கெடு நெருங்கும் வேலையையே மனிதர் எடுக்கிறார்கள் என்று 2018இல் வந்த ஒரு ஆய்வு காட்டியது. வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குக் கெடு இல்லை. அந்தப் பிள்ளையைப் பற்றிக் கேட்டு யாரும் உங்களுக்குக் கடிதம் அனுப்பப் போவதும் இல்லை. கெடுவை நீங்களே வையுங்கள்: காலைக் கூட்டம் முடிந்ததும் முதல் இருபது நிமிஷம் அவர்களுக்கு. பட்டியல் இடைவேளைக்குப் பிறகு. தாமதமானால் அதிபர் ஏசுவார், ஏசட்டும்.

அம்மா தோட்ட வேலையிலிருந்து நின்று இரண்டு வருஷம். ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) காசை எடுக்க விடாமல் பேர் பிழை. கந்தோருக்குப் போகணும், போகணும் என்றே நாள் போகிறது. – மஸ்கெலியா

ஏன் தள்ளிப்போகிறது என்று விளங்குகிறது. ஒரு கந்தோரில் இன்னொரு கந்தோரைக் காட்டுவார்கள், விளங்காத மொழியில் படிவம் கொடுப்பார்கள். ஆனால் சம்பளத்தில் 8 வீதம் அம்மா கட்டியது, அதற்கு மேல் 12 வீதம் தோட்டம் கட்டியது. பெண்கள் 50 வயதானதும் எடுக்கலாம். மழையிலும் அட்டைக் கடியிலும் கொழுந்து பறித்த காசு அது, விட்டுவிடாதீர்கள்.

இந்த வாரம் கந்தோருக்கே போக வேண்டாம். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், ஈ.பி.எப். அட்டை மூன்றையும் பாயில் பரப்பி, பேரை எழுத்தெழுத்தாக ஒரு தாளில் எழுதுங்கள். ஒன்றில் லெட்சுமி, இன்னொன்றில் லச்சுமாய் என்று கிடக்கும். எதில் என்ன பிழை என்று தெளிவானாலே பயம் பாதி குறையும். அடுத்த வாரம் அந்தத் தாளோடும் போட்டோக் கொப்பிகளோடும் தொழில் கந்தோருக்குப் போய், எதைத் திருத்த வேண்டும் என்று கேட்டு அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

மார்பில் சின்னக் கட்டி. வலியில்லை. ஒருநாள் போனால் பேர் (அன்றைய சம்பளம்) போய்விடும், கொழுந்து குறையட்டும் என்று இருக்கிறேன். – இராகலை

அக்கா, இதற்கு முறை எதுவும் சொல்ல மாட்டேன். வலி இல்லாத கட்டியையும் காட்டியே ஆக வேண்டும். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் இல்லை. அப்படியே இருந்தாலும் நேரத்தோடு கண்டால் சுகப்படுத்தும் வாய்ப்பு அதிகம். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு கேட்க மாட்டார்கள். ஒருநாள் பேர் போனால் போகட்டும். இன்று மாலையே தோட்டத்து மிட்வைஃபிடம் சொல்லுங்கள், எங்கே எப்போது போவது என்று அவர் சொல்வார். அவரைப் பிடிக்க முடியாவிட்டால் நாளைக் காலை நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தனியாகப் போகப் பயமென்றால் பக்கத்துக் காம்பராவில் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள்.