ஒரே டொமைன், இரண்டு மெயில் சர்வர்

கேள்வி: கடலூர் முதுநகரில் மீன் ஏற்றுமதி செய்கிறோம். 30 பேருக்கும் எங்கள் டொமைன் பெயரில் மெயில், எல்லாம் ஹோஸ்டிங்கோடு வந்த சிபேனலில் (சர்வரை நிர்வகிக்கும் மென்பொருள்) இருந்தது. வெளிநாட்டு ஆர்டர் பார்க்கும் 4 பேரை மட்டும் கூகுள் வொர்க்ஸ்பேஸுக்கு மாற்றி, எம்எக்ஸ் ரெக்கார்டில் (டொமைனுக்கு வரும் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பதிவு) கூகுளுக்கு 1, பழைய சர்வருக்கு 10 என்று போட்டோம். இப்போது மீதி 26 பேருக்கு வரும் மெயில் 'அப்படி ஒரு முகவரி இல்லை' என்று திரும்பிப் போகிறது. என்ன செய்யலாம்?

பதில்: எம்எக்ஸுக்கு டொமைன் மட்டும்தான் தெரியும், ஆள் தெரியாது. எண் குறைவான சர்வரிடம் மெயில் முதலில் போகும், அதைத் தொடர்புகொள்ள முடியாவிட்டால்தான் அடுத்தது. கூகுள் 'ஆள் இல்லை' என்று 550 என்ற பிழை எண் சொல்லி மறுத்தபின் அந்த மெயில் அடுத்த சர்வருக்குப் போகாது. இரண்டுக்கும் ஒரே எண் கொடுத்தால் இன்னும் மோசம், சில வரும், சில திரும்பும்.

ஆகவே எல்லா மெயிலும் கூகுளுக்கே வரட்டும், அங்கிருந்து பிரியட்டும். கூகுள் அட்மினில் ஜிமெயில் அமைப்புகளுக்குள் 'ஹோஸ்ட்ஸ்' பகுதியில் பழைய சர்வரை, உங்கள் டொமைன் பெயரில் அல்ல, சர்வரின் சொந்தப் பெயரில் சேருங்கள். பிறகு ரூட்டிங்கில், கூகுளில் கணக்கு இல்லாதவர்களின் மெயில் அந்த ஹோஸ்ட்டுக்குப் போகும்படி விதி போடுங்கள். அது வேலை செய்ததும் 10 எண் எம்எக்ஸை நீக்கிவிடுங்கள், ஸ்பேம் அனுப்புகிறவர்கள் அந்த வழியைத்தான் தேடுவார்கள்.

அப்புறம் சிபேனல். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஈமெயில் ரூட்டிங்கை நீங்களே 'லோக்கல்' என்று வையுங்கள். தானாகக் கண்டுபிடிக்க விட்டால், எம்எக்ஸ் கூகுளைக் காட்டுவதால் வந்த மெயிலைக் கூகுளுக்கே திருப்பும், கூகுள் மறுபடி இங்கே தள்ளும், இப்படியே சுற்றும். சரி, லோக்கல் என்று வைத்தாகிவிட்டது. இப்போது உங்கள் கணக்குப் பிரிவு அந்த 4 பேருக்கு மெயில் போட்டால் சர்வர் வெளியே போகாமல் தன்னிடமே தேடும். அவர்களுடைய பழைய பெட்டி அங்கே இன்னும் இருந்தால் மெயில் சத்தமில்லாமல் அதில் போய் விழும், யாருக்கும் தெரியாது, ஒரு பிழைச்செய்தியும் வராது. எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். பெட்டியில் இருப்பதைப் பிரதி எடுத்துக்கொண்டு அந்த 4 பெட்டிகளையும் நீக்கி, ஒவ்வொருவருக்கும் ஃபார்வர்டர் (மெயிலை வேறு முகவரிக்குத் திருப்பும் அமைப்பு) போடுங்கள். அது போக வேண்டிய இடம், கூகுள் தரும் 'டெஸ்ட்-கூகுள்-ஏ டாட் காம்' என்று முடியும் முகவரி.

எஸ்பிஎஃப் (உங்கள் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப எந்த சர்வர்களுக்கு அனுமதி என்ற பட்டியல்) ஒரே ரெக்கார்டாக, இரண்டு சர்வரையும் சேர்த்து இருக்க வேண்டும். இரண்டு ரெக்கார்டு போட்டால் இரண்டுமே செல்லாது. டிகேஐஎம் (அனுப்பும் சர்வர் மெயிலில் போடும் டிஜிட்டல் கையெழுத்து) மட்டும் சர்வருக்கு ஒன்று.

கடைசியாக, வெளி முகவரியிலிருந்து இரு பக்கத்துக்கும், பிறகு 26 பேரில் ஒருவரிடமிருந்து 4 பேரில் ஒருவருக்கும், திரும்ப அங்கிருந்து இங்கேயும் மெயில் போட்டுப் பாருங்கள்.