சாவித்திரியை ஏன் இவ்வளவு பிடிக்கும்?

நடிகை சாவித்திரி 1981இலேயே காலமாகிவிட்டார், யாழ்ப்பாணத்தில் பிற்பாடு வளர்ந்த உங்களுக்கு அவர்மேல் இந்தப் பற்று எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அம்மம்மாவால்தான் வந்தது. தொண்ணூறுகளின் முதல் பாதியில் இங்கே கரண்ட் இல்லை. யாராவது ஜெனரேட்டரும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்தால் விடிய விடியப் படம் ஓடும். அம்மம்மா கேட்பது சாவித்திரி படம்தான்.

ஆனால் அந்தப் பற்று நிலைத்தது நடிப்பால். 1957இல் வந்த 'மாயா பஜார்' பாருங்கள். அரக்கன் கடோத்கஜன், சாவித்திரி நடிக்கும் நாயகி வத்சலாவின் உருவெடுத்து மணமேடைக்குப் போகிறான். கடோத்கஜனாக வரும் எஸ். வி. ரங்கா ராவ் மலை போன்ற ஆள். அவருடைய மிடுக்கு அப்படியே சாவித்திரியின் உடம்பில் ஏறிவிடும். தோள் நிமிரும், புருவம் உயரும், பார்வையில் அரக்கத் திமிர் தெரியும். யாராவது திரும்பிப் பார்த்தால் அடுத்த நொடியே நாணிக் குனியும் மணப்பெண். மாப்பிள்ளையின் காலை மிதிக்கும் இடத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிக்காது. ஒருவருக்குள் இரண்டு பேரை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய நடிகையை நான் வேறு பார்த்ததில்லை.

'பாசமலர்' (1961) வேறு வகை. சிவாஜி பொங்கி நடிக்கும்போது இவர் அடக்கி வாசிப்பார். அதனால்தான் அந்த அண்ணன் தங்கை பாசம் நம்பும்படி இருக்கிறது.

அப்புறம், தாய்மொழி தெலுங்கு என்றாலும் தமிழில் 'குழந்தை உள்ளம்', 'பிராப்தம்' என்று படங்களை இயக்கியும் இருக்கிறார். இதைப் பலர் சொல்வதே இல்லை. புதிதாகப் பார்ப்பவர்கள் 'மாயா பஜா'ரில் தொடங்கலாம்.