மகள் வரைகிறாள், அரசியல் பேசுகிறாள்: ஓர் அப்பாவுக்குப் பதில்

ஐயா,

மகளுக்கு 19 வயது. ராத்திரி இரண்டு மணி வரை டேப்லெட்டில் வரைகிறாள், பகலில் தூங்குகிறாள், அரசியல் படங்களை இன்ஸ்டாகிராமில் போடுகிறாள், படக்கதை வரைவதுதான் என் வேலை என்கிறாள். நீங்கள் கேட்டிருப்பது மூன்று கேள்விகள்: இது சோறு போடுமா, அந்தப் படங்களை அழிக்கச் சொல்லலாமா, வேறு ஏதாவது படிப்பில் சேர்த்துவிடலாமா. நடுக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். வீட்டில் சண்டை அதைச் சுற்றித்தான் நடக்கிறது என்பது நீங்கள் எழுதிய விதத்திலேயே தெரிகிறது.

அழிக்கச் சொல்லாதீர்கள். சொன்னால் வேறு பெயரில் ஒரு கணக்கு தொடங்குவாள், அது உங்கள் கண்ணில் படாது, அவ்வளவுதான். வேலைக்கு எடுப்பவர்கள் இதையெல்லாம் பார்ப்பார்களா என்றால், பார்ப்பவர்கள் உண்டு. சில வாய்ப்புகள் கைநழுவவும் செய்யும். இல்லை என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த மாட்டேன். ஆனால் யோசித்து வரைந்த ஒரு கேலிச்சித்திரத்தைப் பார்க்கிறவருக்கு, அதிலுள்ள கருத்து பிடிக்காவிட்டாலும், சிக்கலான ஒரு செய்தியை ஒரே படத்துக்குள் அடக்க இந்தப் பெண்ணுக்குத் தெரிகிறது என்பது புரியும். பத்திரிகைகளுக்குப் படம் வரைகிறவர்களிடம் கேட்கப்படும் திறமையே அதுதான். அதே செய்திக்காக முன்பின் தெரியாத ஒருவரோடு கமெண்டில் விடிய விடிய மல்லுக்கட்டியிருந்தால், இவளோடு எப்படிச் சேர்ந்து வேலை செய்வது என்ற யோசனைதான் வரும். எதையாவது அழிக்க வேண்டுமென்றால் அந்தச் சண்டைகளை அழிக்கலாம். அதையும் அவளே முடிவு செய்யட்டும். படங்களுக்கு ஒரு கணக்கு, நண்பர்களோடு அரட்டைக்கு இன்னொன்று என்று பிரித்துக்கொண்டாலே பாதி தலைவலி குறையும்.

அவளிடம் நான் கேட்க நினைப்பது வேறு. செய்தியைச் சரிபார்த்த பிறகு வரைகிறாளா? பதவியில் இருப்பவர் செய்ததைக் கேலி செய்கிறாளா, அவருடைய உடலையும் பிறப்பையும் கேலி செய்கிறாளா? முதல் வகைப் படங்களுக்காக அவள் யார் முன்னாலும் நின்று பேசலாம். இரண்டாவது வகையை இரண்டு வருடம் கழித்து அவளே ஒளித்துவைப்பாள்.

ஓனோரே தோமியே என்ற பிரெஞ்சு ஓவியரைப் பற்றி அவளுக்குத் தெரிந்திருக்கலாம், நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். 1831-இல் மன்னர் லூயி பிலிப்பை, மக்களின் பணத்தை மூட்டை மூட்டையாக விழுங்கும் பூதமாக வரைந்தார். அடுத்த வருடம் ஆறு மாதச் சிறைத்தண்டனையை அனுபவிக்க வேண்டி வந்தது. 1835-இல் அரசியல் கேலிச்சித்திரங்களுக்குத் தணிக்கை வந்ததும், வக்கீல்களையும் நீதிபதிகளையும் நடுத்தர வர்க்கத்து வீடுகளையும் வரையத் தொடங்கினார். நீதிமன்ற மனிதர்கள் அவருக்குப் புதிதல்ல. சின்னப் பையனாக இருந்தபோது ஒரு நீதிமன்ற அலுவலரிடம் எடுபிடியாக இருந்தவர். அந்த வேலை அவருக்குப் பிடித்திருக்காது, ஆனால் அங்கே பார்த்த முகங்கள் பிற்பாடு கைகொடுத்தன. (அவருடைய அப்பா கவிஞராகும் ஆசையில் குடும்பத்தைப் பாரிசுக்குக் கூட்டிவந்தவர். அப்பாக்களிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு.) வாழ்நாளில் சுமார் 4,000 கல்லச்சுப் படங்கள் (கல்லில் வரைந்து காகிதத்தில் அச்சிடுபவை) வரைந்தார். கடைசிக் காலத்தில் பணக்கஷ்டமும் இருந்தது, கண்பார்வையும் போய்க்கொண்டிருந்தது. புகழ் வந்தால் பணமும் கூடவே வரும் என்று நானாக உங்களிடம் சொல்லப் போவதில்லை.

இதில் என் கண்ணில் படுவது அந்த 4,000. அத்தனையும் முடித்துக் கொடுத்த படங்கள்.

என்னிடம் வரும் இளம் ஓவியர்களின் கணினியைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான். முக்கால்வாசித் திரும்பிய முகங்கள், எல்லாம் இடது பக்கம் பார்த்தபடி. கைகள் பாக்கெட்டுக்குள்ளோ முதுகுக்குப் பின்னாலோ இருக்கும், ஏனென்றால் கை வரைவது கஷ்டம். பின்னணியில் வெறும் வண்ணம் தீற்றியிருக்கும். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘நிஜ ஃபைனல்’ என்று பெயர் வைத்த கோப்புகளில் ஒன்றுகூட முடிந்திருக்காது. திறமை இருக்கிறதா என்றால், நிறையவே இருக்கும். ஆனால் போர்ட்ஃபோலியோவை, அதாவது வேலை கேட்டுக் காட்டும் படத் தொகுப்பை, புரட்டுகிற கலை இயக்குநர் தேடுவது கையை, நாற்காலியை, ஒரே ஆள் வேறு வேறு கோணத்திலும் அதே ஆளாகத் தெரிவதை.

அதனால் அவளுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். எட்டுப் பக்கப் படக்கதை. ஓர் அறை, இரண்டு பேர், ஒரு வாக்குவாதம். அரசியல் வாக்குவாதமாகவே இருக்கட்டும், அவளுக்குப் பிடித்த பக்கத்தின் வாதத்துக்குக் கொடுக்கிற பலத்தை எதிர்ப்பக்கத்துக்கும் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. முதலில் எட்டுப் பக்கத்துக்கும் தீப்பெட்டி அளவில் குட்டிப் படங்கள் போடட்டும். வசனக் குமிழிகளுக்கான இடத்தை அப்போதே ஒதுக்கிவிட வேண்டும். வரைந்து முடித்த பிறகு குமிழியைத் திணித்தால் ஒருவர் தலை மறையும், இல்லையென்றால் எழுத்து எறும்பு மாதிரி ஆகிவிடும். அச்சுக்குப் போவதென்றால் கோப்பு 300 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) இருக்க வேண்டும் என்பதையும் முதல் நாளே பார்த்துக்கொள்ளட்டும். முடிக்கும் தேதியை அவளே குறிக்கட்டும். நீங்கள் அந்தத் தேதியை மட்டும் கேளுங்கள், கருத்தைக் கேட்காதீர்கள். ராத்திரி வரைகிறாளா பகலில் வரைகிறாளா என்பதையும் விட்டுவிடுங்கள், ஏழெட்டு மணி நேரம் தூங்கினால் சரி.

இனி படிப்பு. பிடிக்காத படிப்பில் தண்டனை மாதிரி சேர்க்க வேண்டாம். உயிருள்ள மனிதரை எதிரே நிறுத்தி வரையச் சொல்லித் தரும் கலைக் கல்லூரி கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் வரலாறு, இதழியல், அரசியல் அறிவியல் எதுவும் அவள் வரைவதற்குத் தீனி போடும். பிழைப்புக்கு ஒரு வேலை பார்த்துக்கொண்டே வரைவதிலும் கேவலம் ஒன்றுமில்லை. எதைத் தேர்ந்தெடுத்தாலும், அது முடிந்த பிறகு தினமும் இரண்டு மணி நேரம் தெளிந்த தலையோடு மேஜையில் உட்கார முடிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

சோறு போடுமா என்ற கேள்விக்கு வருகிறேன். படக்கதை மட்டும் என்றால், ஆரம்பத்தில் போடாது. அனிமேஷனுக்கு ஸ்டோரிபோர்டு (காட்சிகளை முன்கூட்டியே வரிசையாக வரைந்து காட்டுவது), சிறுவர் புத்தகங்கள், பாடப்புத்தகப் படங்கள், விளையாட்டுகளுக்குப் பின்னணி, செய்திகளுக்கான தகவல் வரைபடம் என்று பக்கத்திலேயே பல வேலைகள் உண்டு. எல்லாவற்றுக்கும் அடிப்படை அந்த எட்டுப் பக்கத்தில் இருக்கிறது. ஏஐ எல்லாவற்றையும் வரைந்துவிடுமே என்று பயந்திருக்கிறீர்கள். இடத்தை அடைப்பதற்காகப் போடும் மலிவான படங்களில் அந்த அடி விழுந்துகொண்டுதான் இருக்கிறது. கதையைப் படித்து, யோசித்து, ‘இந்தப் பெண்ணின் கோபத்தைக் கொஞ்சம் குறையுங்கள்’ என்றால் அந்த ஒன்றை மட்டும் மாற்றித் தருகிற ஆளுக்கு இன்னும் இடம் இருக்கிறது.

காசு விஷயத்தில் உங்கள் அனுபவம் அவளுக்கு உதவும். ஒப்பந்தத்தைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். படத்தை ஒரு தடவை பயன்படுத்தும் உரிமையைக் கொடுக்கிறாளா, மொத்தமாக எழுதிக் கொடுக்கிறாளா? எத்தனை தடவை திருத்தம்? பாதியில் நிறுத்தினால் எவ்வளவு தருவார்கள்? முன்பணம் எப்போது? மெக்சிகோ ஓவியர் டியேகோ ரிவேரா 1933-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் சென்டரில் சுவரோவியம் வரைந்தபோது அதில் லெனின் முகத்தைச் சேர்த்தார். வேலை கொடுத்தவர்கள் அதை எடுக்கச் சொன்னார்கள், மறுத்தார். பேசிய பணத்தை முழுதாகக் கொடுத்து அனுப்பிவிட்டு, 1934-இல் ஓவியத்தைச் சுவரிலிருந்து உடைத்துத் தள்ளினார்கள். வேலை நின்றுபோவதற்கு முன் உதவியாளர் ஒருவர் எடுத்த புகைப்படங்கள் இருந்ததால், ரிவேரா அதே ஓவியத்தை மெக்சிகோ நகரில் திரும்ப வரைய முடிந்தது. உங்கள் மகளும் லேயர்கள் (படத்தின் தனித்தனி அடுக்குகள்) கலையாத மூலக் கோப்புகளைத் தேதி போட்டு இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளட்டும், யாருக்கும் அதை ஓசியில் அனுப்ப வேண்டாம்.

எட்டுப் பக்கமும் முடிந்ததும் அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள். நேரில் வருவதானால் நீங்களும் கூட வரலாம். பேசும்போது மட்டும் கொஞ்ச நேரம் வெளியே உட்கார்ந்திருங்கள்.