திருகோணமலை வெயிலுக்கு எந்த மஞ்சள் ரோசா?

கேள்வி: ஐயா, எங்கள் வீடு சாம்பல்தீவில், கடலிலிருந்து அரைக் கட்டைத் தூரம். போன வருடம் தையில் நுவரெலியாவுக்குப் போய்வந்தபோது மூன்று மஞ்சள் ரோசாக் கன்றுகள் வாங்கி வந்து முன்வாசலில் வைத்தேன். வாசல் மேற்குப் பார்த்தது. ஒன்று ஆடியில் கருகிச் செத்துவிட்டது. இன்னொன்று பூக்கிறது, ஆனால் காலையில் மஞ்சளாக விரிவது மத்தியானத்துக்குள் வெளிறிப்போகிறது. மூன்றாவது நன்றாகச் செழித்து வளர்ந்து, இந்த மாசியில் சின்னச் சின்ன வெள்ளைப் பூவாகக் கொத்தாகப் பூத்திருக்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உவர். இன்னும் நாலு கன்றுக்கு இடம் இருக்கிறது. எந்த இனம் வைத்தால் மஞ்சள் மஞ்சளாகவே நிற்கும்?

பதில்: கடைக்காரரை விட்டுவிடுங்கள், தங்கச்சி. அவர் விற்றது மஞ்சள்தான். மலைநாட்டில் விற்பனைக்கு வரும் மஞ்சள் ரோசா பெரும்பாலும் ஒட்டுக்கன்று. கீழே வேறொரு ரோசாவின் அடிக்கட்டை, மேலே மஞ்சள் இனத்தின் அரும்பு. உங்கள் மூன்றாவது கன்றில் மேலே இருந்த மஞ்சள் இனம் வெயிலில் பட்டுப்போய், அடிக்கட்டை தலையெடுத்துவிட்டது. நம்பாவிட்டால் ஓர் இலையைக் காம்போடு கிள்ளிப் பாருங்கள். தோட்ட ரோசாவில் வழக்கமாக ஐந்து சிற்றிலை இருக்கும். உங்களிடம் உள்ளதில் ஏழோ ஒன்பதோ இருக்கும், அளவிலும் சிறிதாக இருக்கும். காம்பு தண்டோடு சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னச் செதிலைப் பாருங்கள். அதன் ஓரம் சீப்புப் பல் மாதிரிக் கீறிக் கீறி இருந்தால் அது மல்டிபுளோரா என்ற அடிக்கட்டை ரோசா. சின்ன வெள்ளைப் பூவைக் கொத்தாகப் பூப்பது அதன் இயல்பு. அதைப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள், அதற்கு வேலை இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

இனி நிறத்துக்கு வருவோம். மஞ்சள் ரோசாவின் நிறம் கரட்டுக்கும் பப்பாசிக்கும் நிறம் கொடுக்கிற அதே கரோட்டீன் வகைச் சாயம். கடும் வெயிலிலும் சூட்டிலும் அது சிதைந்துவிடும். நுவரெலியாவில் குளிரும் முகிலும் இருப்பதால் பூ மெதுவாக விரிகிறது, நிறமும் ஆழமாக நிற்கிறது. இங்கே வைகாசி தொடங்கி ஆவணி முடியும்வரை கச்சான் என்ற சூடான தென்மேற்குக் காற்று அடிக்கிற காலத்தில் மொட்டு ஒரே காலையில் மலர்ந்து, பகல் வெயிலில் வெளிறி, பொழுதுபடும்போது இதழ் கொட்டிவிடும். ஆகவே கன்று வாங்கும்போது பூ எவ்வளவு அழகு என்பதைவிட, விரிந்து இரண்டாம் நாள் எப்படி இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஒரே செடியில் புதிய பூவும் பழைய பூவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. பழைய பூ கிரீம் நிறமாக வெளிறியிருந்தால் அந்த இனம் உங்களுக்கு வேண்டாம். பொன்மஞ்சளாகவோ மொட்டில் கொஞ்சம் செம்மஞ்சள் சாயலோடோ தொடங்கும் இனங்கள் வெளிறினாலும் நல்ல மஞ்சளில் வந்து நிற்கும். எலுமிச்சை மஞ்சளில் தொடங்குவது வெள்ளையில்தான் முடியும்.

இதழ் எண்ணிக்கையும் பார்க்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு இதழ் மட்டும் உள்ள பூ நம் வெயிலில் அரை நாள் தாங்காது. அறுபது எழுபது இதழ் அடுக்கிய பூவோ, மாரி மழையில் மொட்டிலேயே ஊறி, வெளி இதழ் பழுப்பாகி, விரியாமல் அழுகிவிடும். முப்பதுக்குக் கொஞ்சம் முன்பின்னாக இருப்பதே திருகோணமலைக்குத் தோது.

பெயர் சொல்லிக் கேட்டீர்கள், சொல்கிறேன். என்னைக் கேட்டால் முதலில் கோல்ட் மெடல். 1982இல் அமெரிக்காவில் வெளிவந்தது. ஆளுயரம் வளரும், முள் குறைவு, மொட்டில் செம்மஞ்சள் கீற்று, விரிந்தால் பொன்மஞ்சள். சூட்டைப் பொறுக்கும். வேலியோரத்துக்கு ஏற்றது. அடுத்து பிரீசியா. ஜேர்மனியின் கோர்டஸ் நாற்றுமேடை 1970களில் கொண்டுவந்த கொத்துப்பூ ரோசா இது. இதற்கே சன்ஸ்பிரைட் என்றும் கொரேசியா என்றும் பெயர் உண்டு, ஆகவே மூன்று பெயரில் மூன்று கன்று வாங்கி ஏமாறாதீர்கள். இடுப்பளவுக்கு மேல் போகாது. நல்ல வாசம், நோயும் குறைவு. மஞ்சள் கடைசிவரை நிற்கும் இனங்களில் ஒன்று. பூசைத் தட்டுக்கு நாலு பூ எப்போதும் வேண்டும் என்கிறவர்கள் ஒற்றைப் பெரும்பூ இனத்தைவிட இப்படிக் கொத்துப்பூ இனத்தை வைப்பது புத்தி.

லண்டோரா என்ற ஜேர்மன் இனம் 1970இல் வந்தது, சன்பிளெஸ்ட் என்பதும் அதுதான். இந்தியாவின் சமவெளித் தோட்டங்களில் பழகிய பூ. நீண்ட காம்பில் ஒற்றைப் பூ. சாடியில் வெட்டி வைக்க ஆசைப்பட்டால் இது. சென் பற்றிக் என்று இன்னொன்று, 1996இல் அமெரிக்காவில் பரிசு பெற்றது. மெதுவாக விரியும், சூட்டில் ஓர இதழில் இளம்பச்சை ஓடும். சிலருக்கு அந்தப் பச்சை பிடிக்காது, எனக்குப் பிடிக்கும்.

பீஸ் எல்லோரும் கேட்கிற பெயர். பிரான்சில் மேயான் குடும்பம் உருவாக்கியது, இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945இல் அந்தப் பெயர் பெற்றது. மஞ்சளில் ரோசா நிற ஓரம். மலைநாட்டில் அதைப் பார்த்துவிட்டு இங்கே எதிர்பார்த்தால் மனம் நோகும். கச்சான் காலத்தில் கிரீம் நிறத்துக்கு வந்துவிடும், மாசி பங்குனியில் மட்டும் தன் முகத்தைக் காட்டும். உங்கள் இரண்டாவது கன்று இதுவாகவோ இதன் வாரிசாகவோ இருக்கக்கூடும். அதை விட்டுவைக்கலாம், ஆனால் இடத்தை மாற்றுங்கள். கிரஹாம் தோமஸ் என்ற 1983ஆம் ஆண்டு ஆங்கில இனம் வெப்ப நாட்டில் கட்டுக்கடங்காமல் கொடி விடும். அதன் நீண்ட கிளைகளை வேலிக் கம்பியில் படுக்கையாகக் கட்டிவிட்டால் கணுவுக்குக் கணு பூக்கும். நட்ட நடுவில் வைத்தால் உயரத்தில் நாலு பூவோடு சரி.

படரும் மஞ்சள் ரோசா வேண்டுமென்று கோல்டன் ஷவர்சைத் தேடிப் போகாதீர்கள். 1956இன் பழைய இனம், நல்ல இனம், ஆனால் இதழ் தளர்வு, வெளிறும், கொட்டும். மஞ்சள் பாங்சியா கொடி குளிர்காலம் கண்டால்தான் பூக்கும், அதுவும் வருடத்துக்கு ஒரு தடவை. நமக்கு இலைதான் மிஞ்சும்.

இவ்வளவு பெயர் சொன்னாலும் கன்று விற்கிற இடத்தில் அட்டை இருக்காது, இருந்தாலும் நம்ப முடியாது. ஆகவே மேலே சொன்ன நிறம், இதழ், இரண்டாம் நாள் பூ ஆகியவற்றைப் பார்த்து வாங்குங்கள். இலையையும் பாருங்கள்: தடித்து, பளபளப்பாக, கரும்பச்சையாக இருந்தால் நல்லது. முடிந்தால் மலையிலிருந்து நேரே கொண்டுவராமல், திருகோணமலையிலோ தம்பலகாமத்திலோ கன்று விற்பவரிடம் ஒரு கச்சானைத் தாண்டி நின்ற கன்றைக் கேளுங்கள். விலை கூடுதலாகக் கேட்பார், கொடுக்கலாம். கடையில் வாங்கிய வெட்டுப்பூவின் காம்பை ஊன்றி மஞ்சள் ரோசா உண்டாக்கலாம் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு விட்டுவிடுங்கள். சிவப்பும் ரோசா நிறமும் ஓரளவு வேர்விடும். மஞ்சள் லேசில் வேர்விடாது, விட்டாலும் சொந்த வேரில் நோஞ்சானாகவே நிற்கும்.

மஞ்சளுக்கு ஏன் இவ்வளவு வம்பு என்றால், பிறப்பிலேயே வந்தது. பழைய தோட்ட ரோசாக்களில் அழுத்தமான மஞ்சள் கிடையாது. பிரான்சின் லியோனில் பெர்னே டூஷே என்பவர் பாரசீகத்து மஞ்சள் ரோசாவைச் சேர்த்து 1900இல் வெளியிட்ட இனத்திலிருந்துதான் இன்றைய பொன்மஞ்சள்கள் வந்தன. பாரசீகத்து ரோசா நிறத்தோடு கரும்புள்ளி நோய்க்கு இடம் கொடுக்கும் குணத்தையும் சேர்த்தே கொடுத்தது. மாரி தொடங்கினதும் பாருங்கள்: இலையில் ஓரம் சிலும்பிய கறுப்பு வட்டம், அதைச் சுற்றி மஞ்சள், ஒரு வாரத்தில் இலை உதிர்வு. இலை ஏழெட்டு மணித்தியாலம் தொடர்ந்து நனைந்திருந்தாலே பூஞ்சணம் உள்ளே இறங்கிவிடும். ஐப்பசியிலேயே கீழ் இலைகளை ஒரு சாண் உயரத்துக்குக் கழித்துவிடுங்கள், விழுந்த இலையைக் கூட்டி எரியுங்கள், பின்னேரத்தில் இலைமேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். அப்படியும் வந்தால் மங்கோசெப் என்ற பூஞ்சணக்கொல்லியை உறையில் போட்டிருக்கிற அளவில் தெளிக்கலாம்.

உங்கள் வாசல் மேற்குப் பார்த்தது என்றீர்கள். முதல் கன்று செத்ததற்கு அதுவே போதும். பின்னேர வெயிலும் கச்சானும் ஒன்றாக வந்து அடிக்கும். வெள்ளையடித்த சுவர் பக்கத்தில் இருந்தால் அதன் சூடும் சேரும். வீட்டின் கிழக்குப் பக்கத்தில் காலை வெயில் ஆறு மணித்தியாலம் விழுந்து, இரண்டு மணிக்குப் பிறகு நிழல் வரும் இடத்தைத் தேடுங்கள். முன்வாசலில் மஞ்சள் வேண்டுமென்றால் அங்கே பொன்னலரியையும் மஞ்சள் செவ்வரத்தையையும் வையுங்கள், அவை கச்சானைக் கண்டு பயப்படாதவை.

உங்கள் பக்கத்து மணலில் சும்மா குழி தோண்டி நட்டால் தண்ணீரும் பசளையும் கீழே ஓடிவிடும். இரண்டடி ஆழம், இரண்டடி அகலம் தோண்டி, மணலை எடுத்துவிட்டு, குளத்து வண்டலோ செம்மண்ணோ பாதி, நன்றாக மக்கிய மாட்டெருவும் கூட்டெருவும் பாதி நிரப்புங்கள். தும்புச்சோறு சேர்ப்பதானால் இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசிச் சேருங்கள், அதிலும் உப்பு இருக்கும். ஒட்டு முடிச்சு மண்ணுக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில் தெரிய வேண்டும். தைப்பொங்கல் கழிந்து மழை விட்டதும் நடுவது நல்லது. வைகாசிச் சூட்டுக்கு முன் வேர் பிடிக்க மூன்று மாதம் கிடைக்கும். இப்போதே மாசி, நடுவதானால் தாமதிக்க வேண்டாம்.

உவர்த் தண்ணீரை ரோசா சகிக்காது. இலையின் ஓரம் மட்டும் கருகி, சாடி விளிம்பில் வெள்ளையாகப் படிந்தால் உப்பு என்று வையுங்கள். ஆடி ஆவணியில் கிணறு இறங்க இறங்க உவர் ஏறும். அந்த இரண்டு மாதத்துக்காவது குழாய்த் தண்ணீரோ சேமித்த மழைத் தண்ணீரோ ஊற்றுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் தெளிப்பதைவிட, வாரத்தில் இரண்டு மூன்று நாள் குழி நிறைய ஊற்றினால் உப்பு கீழே கழுவுண்டு போகும். தென்னோலையோ வைக்கோலோ போட்டு மண்ணை மூடிவையுங்கள். ரோசாவுக்கு எப்சம் உப்பு போடச் சொல்கிற காணொளிகளைப் பார்த்திருப்பீர்கள். ஏற்கெனவே உப்பு நிற்கிற மண்ணில் இன்னும் உப்பா? முட்டைக்கோதும் வேண்டாம். கரையோர மணலில் சிப்பிச் சுண்ணாம்பு கலந்திருக்கும், அதனால்தான் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. தேயிலைச் சக்கையைக் கூட்டெருவில் போடலாம், தடையில்லை.

வறண்ட மாதங்களில் மொட்டின் ஓரம் பழுப்பாகி விரியாமல் நின்றால் பனிப்பூச்சியைச் சந்தேகியுங்கள். வெளிர் நிறப் பூக்கள்மீது அதற்குத் தனி ஆசை. மொட்டை வெள்ளைத் தாளில் தட்டினால் நூல்துண்டு அளவில் ஓடும். அந்த மொட்டுகளைக் கிள்ளி அழித்துவிட்டு, பொழுதுபட்ட பிறகு வேப்பெண்ணெய்க் கரைசல் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

கத்தரிப்பதை மார்கழி கடைசியில், மழை குறையும்போது செய்யுங்கள். ஆறேழு வாரத்தில், அதாவது மாசியில், நல்ல நிறத்தோடு பூ வரும். மஞ்சள் இனங்களை முழங்கால் அளவுக்கு ஒட்ட வெட்டக்கூடாது, மூன்றில் ஒரு பங்கு எடுத்தால் போதும். கச்சான் காலத்தில் கத்தியைத் தொடவே வேண்டாம், அந்த இலைகள்தான் தண்டுக்கு நிழல்.

சரி, அந்த வெள்ளைப்பூப் புதர். உங்கள் மணலையும் தண்ணீரையும் காற்றையும் ஒரு வருடம் தாங்கி நிற்கிற வேர் அது, அதைவிட நல்ல அடிக்கட்டை எங்கே தேடுவது? பென்சில் தடிப்பில் இரண்டு நேரான தண்டை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடுங்கள். வரும் தையில், மழைக்குப் பிறகு பட்டை எளிதாகக் கழலும். அப்போது யார் வீட்டிலாவது நிறம் நிற்கிற மஞ்சள் ரோசாவிலிருந்து, பூத்து முடிந்த கிளை ஒன்றைக் கேட்டு வாங்கி அரும்பொட்டுப் போடலாம். நிலத்துக்கு நாலு விரல் மேலே பட்டையில் 'டி' வடிவில் கீறி, அரும்பை உள்ளே செருகி, கண் வெளியே தெரிய பொலித்தீன் நாடாவால் சுற்றுங்கள். மூன்று வாரத்தில் அரும்பு பச்சையாகவே இருந்தால் பிடித்துவிட்டது. அது ஒரு சாண் வளர்ந்த பிறகு மேலே உள்ள பழைய தண்டை வெட்டிவிடலாம். கை பழகாவிட்டால் உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள், ஒருமுறை செய்து காட்டுவார்.